பதினெட்டு வயதில் கப்பல் ஏறியவர்களும் பேர் பதிஞ்சவர்களும்

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த நாளிலிருந்து பல்கலைக்கழகத்துக்குள் கால் வைக்கும் நாள் வரைக்கும் நமக்கு அநேகமாக ஒரு வருஷம், சில நேரம் அதுக்கு மேலேயும் கிடைக்கிறது. பெறுபேறு வரணும், வெட்டுப்புள்ளி வரணும், பதிவுக் கடிதம் வரணும். பிரித்தானியாவிலோ ஜேர்மனியிலோ நம்ம வயசுள்ள ஒருவருக்கு இப்படி ஒரு வருஷம் கிடைத்தால் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது: கேப் இயர். அந்த வருஷத்தில் ஆபிரிக்காவுக்கோ ஆசியாவுக்கோ போய், ஒரு பாடசாலையில் தொண்டராக வேலை செய்துவிட்டுத் திரும்பலாம். நமக்குக் கிடைக்கிற வருஷத்துக்குப் பெயர் கிடையாது. "பிள்ளை சும்மாதான் இருக்கு" என்பார்கள். இல்லாவிட்டால் "கொழும்புக்குக் கடை வேலைக்குப் போயிருக்கு" என்பார்கள்.

காசு இருக்கிறவர்கள் போகிறார்கள், இல்லாதவர்கள் போகவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் அது பாதிப் பதில்தான். அந்தத் தொண்டு வருஷம் எங்கிருந்து வந்தது, அதே காலத்தில் வலப்பனை, இராகலை, உடப்புசல்லாவ பக்கத்துத் தோட்டங்களில் அதே வயசுப் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மீதிப் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறோம்.

முதலில் வந்த பையன்கள்

மலைக்கு வந்த முதல் வெள்ளைக்கார இளைஞர்கள் தொண்டர்கள் இல்லை. தோட்ட வழக்கில் அவர்களுக்கு 'க்ரீப்பர்' என்று பெயர். இங்கிலாந்திலோ ஸ்கொட்லாந்திலோ பள்ளிக்கூடம் முடித்து, கப்பல் ஏறி வந்து, ஒரு மூத்த துரையின் பங்களாவில் தங்கித் தோட்ட வேலை பழகுகிற பையன்கள். பழக்கிவிடுவதற்காக வீட்டிலிருந்து துரைக்குப் பணம் கட்டுகிற வழக்கமும் இருந்தது. பழகி முடித்தால் சின்னத்துரை ஆகலாம், பிறகு பெரியதுரை ஆகலாம்.

வேலை வாங்க வேண்டியது தமிழ்த் தொழிலாளிகளிடம். அதனால் இந்தப் பையன்கள் தமிழ் படிக்க வேண்டியிருந்தது. அவர்களுக்காகவே கையடக்கப் புத்தகங்கள் அச்சாகின. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கொழும்பில் ஃபெர்குசன் என்பவர் வெளியிட்ட சின்னத்துரைமாருக்கான தமிழ் வழிகாட்டியின் பெயரே 'இங்கே வா'. 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் எழுதிய இன்னொரு புத்தகத்துக்கு 'கூலித் தமிழ்' என்று பெயர். பதினெட்டு, பத்தொன்பது வயசில் ஊர் பேர் தெரியாத மலைக்கு வந்து, மொழி படித்து, தன் காலில் நிற்கப் பழகுவது ஒரு பெரிய அனுபவம்தான். ஆனால் அந்த அனுபவத்தை வாங்குவதற்கு அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட மொழி, தங்கள் அப்பா வயசுக்காரரை "இங்கே வா" என்று கூப்பிடுகிற மொழி.

அதே மலையில் லயத்துப் பிள்ளைக்கு 'பள்ளிக்கூடம் முடித்த பிறகு' என்று ஒரு காலமே இருக்கவில்லை. தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைப்பது 1920ஆம் ஆண்டுச் சட்டத்தோடு துரைமாரின் கடமையானது. வைத்த பள்ளிக்கூடங்களில் பல ஒரே அறை, ஒரே ஆசிரியர், கீழ் வகுப்புகள் மட்டும். அதற்கு மேல் பேர் பதிவதுதான். செக்ரோலில் பேர் ஏறிவிட்டால் காலையில் பிரட்டுக்குப் போகணும். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டின் பிள்ளைகளுக்கெல்லாம் கதவைத் திறந்தபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியிலேயே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுக்கத் தொடங்கியது 1970களின் பிற்பாதியில்தான்.

பட்டாளத்துக்குப் பதிலாகப் பிறந்த வருஷம்

இப்போது நாம் அறிந்த தொண்டு வருஷத்துக்கு வருவோம். இதன் வேரைத் தேடிப் போனால் திரும்பத் திரும்பக் கட்டாய இராணுவ சேவையில் வந்து முட்டுகிறோம். முதலாம் உலகப் போர் முடிந்து, 1920இல் சுவிட்சர்லாந்துக்காரரான பியேர் செரெசோல் பல நாட்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, பிரான்சில் வெர்டன் போர்க்களத்துக்குப் பக்கத்தில் அழிந்துபோயிருந்த ஒரு கிராமத்தைத் திரும்பக் கட்டப் போனார். துப்பாக்கி தூக்க மறுக்கிறவன் கோழை இல்லை, மண்வெட்டி தூக்கித் தன் கடமையைச் செய்வான் என்று காட்டுவதுதான் நோக்கம். அதிலிருந்துதான் சர்வதேச சிவில் சேவை என்ற இயக்கம் வளர்ந்தது. 1934 பீகார் பூகம்பத்துக்குப் பிறகு செரெசோலே இந்தியாவுக்கு வந்து கிராமங்களைக் கட்டும் வேலையில் நின்றார்.

பள்ளி முடித்த பிள்ளைகளை ஒரு வருஷம் வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏற்பாடு 1958இல் பிரித்தானியாவில் தொடங்கியது. அங்கே கட்டாய இராணுவ சேவை முடிவுக்கு வரப்போகிறது என்று முந்தின வருஷம் அறிவித்திருந்தார்கள். பட்டாளத்தில் கழிய வேண்டிய காலம் பையன்களின் கையில் மிச்சமாகப் போகிறது. அலெக் டிக்சனும் அவருடைய மனைவி மோராவும் அந்தக் காலத்துக்கு ஒரு வேலை கண்டுபிடித்தார்கள். போர்ட்ஸ்மத் ஆயரின் பெயரில் சண்டே டைம்ஸ் பத்திரிகையில் ஒரு கடிதம் வந்தது. அந்த வருஷமே முதல் சிறு குழு புறப்பட்டது. சரவாக், கானா என்று, அப்போதுதான் சுதந்திரம் பெற்ற அல்லது பெறப்போகிற நாடுகளுக்குப் போனார்கள். தங்க இடம், சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு. வி.எஸ்.ஓ. என்ற பெரிய நிறுவனத்தின் ஆரம்பம் இதுதான்.

டிக்சன் தன் பிள்ளைகளை நிபுணர்கள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. போகிறவர் கொடுக்கிறதைவிட வாங்கிக்கொண்டு வருவது அதிகம் என்பது அவருடைய நம்பிக்கை. ஆனால் வரவேற்ற நாடுகளுக்குத் தேவைப்பட்டது பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், தாதிமார், பொறியியலாளர்கள். சில வருஷத்துக்குள் நிறுவனம் பட்டதாரிகள் பக்கம் திரும்பியது. 1962இல் டிக்சன் அதிலிருந்து விலகி, தன் நாட்டுக்குள்ளேயே இளைஞர்கள் முழுநேரமாகத் தொண்டு செய்யும் இன்னொரு அமைப்பைத் தொடங்கினார். வெளிநாட்டுத் தொண்டைத் தொடங்கிவைத்தவரே நாலு வருஷத்தில் உள்ளூருக்குத் திரும்பினார் என்பதைக் கவனியுங்கள்.

பள்ளி முடித்தவர்களை அனுப்பும் வேலையை வேறு அமைப்புகள் எடுத்துக்கொண்டன. ஸ்கொட்லாந்தின் கோல் தீவிலிருந்து இயங்கும் ப்ரொஜெக்ட் ட்ரஸ்ட் 1967இல் தொடங்கியது. அதில் போகிற பிள்ளை தன் செலவுக்கான பணத்தைத் தானே திரட்ட வேண்டும். ஜேர்மனியில் 2008இல் அரசாங்கமே வெல்ட்வெர்ட்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கி, செலவில் பெரும்பங்கை ஏற்றுக்கொண்டது. 18 முதல் 28 வயது வரை உள்ளவர்கள் போகலாம். மூன்று வருஷத்தில், 2011இல், அங்கேயும் கட்டாய இராணுவ சேவை நிறுத்தப்பட்டது.

இதில் நமக்குப் பாடம் ஒன்று இருக்கிறது. அந்த ஒரு வருஷம் அவர்களுடைய நல்ல மனசால் மட்டும் உருவானதில்லை. இளைஞனின் ஒரு வருஷத்தை முன்பு அரசு தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது. அதைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த இடத்தில் டிக்கெட், சாப்பாடு, காப்புறுதி, போகும் இடம், திரும்பி வந்தால் காத்திருக்கும் பல்கலைக்கழக அனுமதி எல்லாவற்றையும் நிறுவனங்கள் பொருத்திக் கொடுத்தன.

அதே 1958, இங்கே

அதே வருஷம் டிசம்பரில் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன, தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனத்தொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். சாதியின் பேரால் ஒதுக்கப்பட்டிருந்த ரொடியா மக்களின் கிராமம். நகரத்துப் பையன்கள் அங்கேயே தங்கிக் கிணறு வெட்டினார்கள், மண் சுமந்தார்கள். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்து வளர்ந்தது. கடல் கடக்காமல், தன் நாட்டுக்குள்ளேயே இன்னொரு உலகத்துக்குப் போன பயணம் அது.

அந்த 1958இல் மலையகத்துப் பதினெட்டு வயசுப் பிள்ளைக்கு வெளிநாடு போக ஆசை இருந்தால்? 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம்ம தாத்தா பாட்டிமாரில் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியிருந்தது. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு ஏது கடவுச்சீட்டு? கானாவுக்குப் போன பையனின் கையில் ஒரு சாம்ராஜ்யத்தின் கடவுச்சீட்டு இருந்தது. இராகலையில் பேர் பதிஞ்ச பையனுக்குத் தான் பிறந்த நாடே சொந்தமில்லை.

1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தார்கள். மலையகத்து இளைஞர்கள் பலருக்குக் கிடைத்த முதல் வெளிநாட்டுப் பயணம் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கியதுதான். ஒரு வருஷத்தில் திரும்பி வருகிற பயணம் இல்லை அது. திரும்பி வரவே முடியாத பயணம்.

நம்ம ஆட்களும் தொண்டு செய்தார்கள்

மலையகம் என்றால் எப்போதும் உதவி வாங்குகிற இடம், யாராவது வந்து சொல்லிக்கொடுக்கணும் என்று ஒரு எண்ணம் இருக்கிறதே, அது சரியில்லை. 1970களில் கட்டிடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் வவுனியாவில் காந்தியம் அமைப்பைத் தொடங்கினார்கள். 1977 கலவரத்தில் அடித்து விரட்டப்பட்ட மலையகக் குடும்பங்களை வன்னியில் குடியமர்த்திய வேலையில் நிறைய இளம் தொண்டர்கள் நின்றார்கள். முன்பள்ளி நடத்தினார்கள், விவசாயம் செய்தார்கள். 1983இல் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். இராஜசுந்தரம் அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். தொண்டு செய்துவிட்டுச் சான்றிதழோடு வீட்டுக்குப் போவது எல்லா நாட்டிலும் நடப்பதில்லை.

தோட்டப் பாடசாலைகளைப் பாருங்கள். ஆசிரியர் இல்லாத வகுப்பில், உயர்தரம் முடித்துவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கிற ஒரு அக்காவோ அண்ணாவோ போய் நிற்பது நமக்குப் பழகின காட்சி. 'தொண்டர் ஆசிரியர்' என்ற சொல்லை ஒரு வெளிநாட்டுக்காரரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. சில இடங்களில் பெற்றோர் சேர்ந்து கைச்செலவுக்கு ஏதாவது கொடுப்பார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை. 2015 வாக்கில் அரசாங்கம் உயர்தரத் தகுதியோடு சுமார் 3,000 பேரைப் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களாக எடுத்தது. மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா, பிறகு 10,000. முழு ஆசிரியரின் வேலை, பஸ் காசுக்கும் பத்தாத கொடுப்பனவு. நிரந்தர நியமனத்துக்காக வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

வெளிநாட்டு உதவி எல்லாமே வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. 1980களில் சுவீடனின் சீடா நிறுவனம் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டிடமும் பயிற்சியும் கொடுத்தது. ஜேர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்தது. அங்கே படித்து வெளியேறிய ஆசிரியர்கள் நம்மில் பலருக்கு வகுப்பெடுத்திருக்கிறார்கள். உதவி செய்தவர்கள் போன பிறகும் அந்தக் கல்லூரி இருக்கிறது, ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மூன்று மாதம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், அடுத்தவர் வந்து திரும்பவும் 'ஏ, பி, சி'யிலிருந்துதான் ஆரம்பிக்கிறார். பிள்ளைகளுக்குப் புதுப் பாட்டு ஒன்று தெரியும், வகுப்பில் ஆங்கில ஆசிரியர் மட்டும் இன்னும் இல்லை.

நமக்கு என்ன வேணும்?

ஜேர்மன் திட்டத்தில் 2013 முதல் எதிர்த்திசையிலும் ஒரு வழி உண்டு. நம்மைப் போன்ற நாடுகளின் இளைஞர்கள் அங்கே போய் ஒரு வருஷம் தொண்டு செய்யலாம். எண்ணிக்கையில் இது சின்ன வழிதான். மலையகத்துப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு விண்ணப்பிக்க வேண்டும். நம்ம வீடுகளில் 'வெளிநாடு' என்றால் இன்னும் அம்மாவோ அக்காவோ மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போவதுதான். அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் சேரட்டும்.

ஆனால் எல்லாரும் ஜேர்மனி போக முடியாது. அதைவிடப் பெரிய விஷயம், உயர்தரத்துக்குப் பிறகு வரும் அந்தப் பெயரில்லாத வருஷத்துக்குப் பின்னால் யாராவது நிற்க வேண்டும் என்பது. வலப்பனைக் கல்வி வலயத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு இரண்டு கிழமை பயிற்சி. பிறகு ஒரு வருஷம் ஒரு பாடசாலை, மேற்பார்வைக்கு ஒரு மூத்த ஆசிரியர். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போதுமான கொடுப்பனவு. முடிவில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கணக்கில் எடுக்கப்படும் ஒரு சான்றிதழ். நிரந்தர ஆசிரியர் நியமனத்தை அரசாங்கம் தள்ளிப்போட இதைச் சாட்டாக வைக்கவும் கூடாது. 1958இல் டிக்சன் கேட்டதும் ஏறத்தாழ இவ்வளவுதான்.

எங்கள் குழுவில் உள்ள பலர் அந்த வருஷத்தைக் கொழும்பில் துணிக்கடையிலும் கணக்கு எழுதுகிற கடையிலும் கழித்தோம். சிலர் தோட்டப் பாடசாலையில் நின்றோம். இந்தத் தடவை பரீட்சை எழுதி முடித்தவர்கள் உங்கள் வீட்டிலோ பக்கத்து லயத்திலோ இருப்பார்கள். அவர்களை ஒருநாள் கூப்பிட்டு வைத்து இதைப் பேசிப் பாருங்கள். எந்தப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை என்ற பட்டியலை நாமே எழுதிவிடலாம். வலயக் கல்விப் பணிமனைக்குக் கொண்டு போக ஒரு கடதாசியாவது நம்ம கையில் இருக்கும்.