கட்டை விரலின் விலை

கட்டை விரல் முப்பது. சுட்டு விரல் பதினான்கு. நடு விரல் பன்னிரண்டு. மோதிர விரலும் சுண்டு விரலும் ஆளுக்கு ஏழு. குழந்தைகள் விரல் மடக்கி விளையாடும் கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கண்டிருந்த கணக்கு இது. வேலையில் கட்டை விரலை இழந்தவனுக்குச் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு முப்பது பங்கு போய்விட்டது என்று அர்த்தம். இரண்டு கைகளும் போனால் முழுசாக நூறு.

அந்தச் சட்டத்தின் கடைசி ஆண்டுகளில் கணக்கு எப்படி ஓடியது என்று பார்க்கலாம். வயது நாற்பது, மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் நூற்றுக்கு அறுபது, அதாவது 9,000. அதை நாற்பது வயதுக்கென்று சட்டம் வகுத்த 184.17 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். வருவதில் நூற்றுக்கு முப்பது எடுத்தால் 4,97,259 ரூபாய். கட்டை விரலுக்கு இது விலையாகுமா என்று கேட்டால், ஆகாதுதான். ஆனாலும் ஒரு குடும்பம் தலை நிமிர்ந்து நிற்க இது போதும்.

விலை தெரிந்துவிட்டது. அடுத்த கேள்விதான் முக்கியமானது: யாருடைய கட்டை விரல்?

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாருங்கள். காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிந்து போகும் இடம் அது. கல்லணையைத் தாண்டி வந்த தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாகப் பாய்ந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். அறுவடைக் காலத்தில் குனிந்த தலை நிமிராமல் கதிர் அறுத்துக் கொண்டிருக்கிறாளே ஒருத்தி, அவள் கையில் இருப்பது கருக்கரிவாள். அது கதிருக்கும் விரலுக்கும் பேதம் பார்ப்பதில்லை. 1923-ல் பிறந்து 1924 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த அந்தச் சட்டம் மட்டும் பேதம் பார்த்தது. ரயில், தொழிற்சாலை, சுரங்கம், கப்பல் என்று அது பட்டியல் போட்டது. வயல் அதில் இல்லை. ஆபத்து மிகுந்த, ஒழுங்காக அமைந்த தொழில்களுக்குத்தான் சட்டம் என்பது அக்காலத்து நியாயம்.

இந்த நியாயம் எல்லா ஊருக்கும் பொதுவாக இருந்ததா என்றால், இல்லை. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1884-லேயே விபத்து இன்ஷூரன்ஸ் சட்டம் கொண்டுவந்தார். பிரிட்டன் 1897-ல் நஷ்டஈட்டுச் சட்டம் செய்தது. மூன்றே ஆண்டில், 1900-ல், தன் நாட்டு விவசாயத் தொழிலாளிக்கும் அதை நீட்டியது. 1921-ல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, ஆலைத் தொழிலாளிக்கு உண்டான நஷ்டஈடு வயலில் கூலி வேலை செய்பவனுக்கும் உண்டு என்று ஓர் உடன்படிக்கை செய்தது. மறு வருஷம் அதே ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் கூட்டத்துக்கு இந்தியாவின் பிரதிநிதிகளில் ஒருவராகப் போனவர், திருக்காட்டுப்பள்ளிக்கு அருகிலுள்ள பழமானேரியில் 1864-ல் பிறந்த சர் பி. எஸ். சிவசாமி அய்யர். அவர் பெயரைத் தாங்கிய பள்ளிக்கூடம் இன்றும் திருக்காட்டுப்பள்ளியில் இருக்கிறது. பழமானேரியிலிருந்து ஒரு மனிதர் ஜெனீவாவுக்குப் போய்த் திரும்பிவிட்டார். ஜெனீவாவிலிருந்து அந்த உடன்படிக்கை மட்டும் பழமானேரி வயலுக்கு வந்து சேரவில்லை. இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்திடவே இல்லை.

அப்படியானால் விரல் போனவர்கள் கதி? மிராசுதார் நல்லவராயிருந்தால் நாலு மரக்கால் நெல் வரும். இல்லாவிட்டால் அதுவும் வராது. தர்மத்துக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தர்மத்துக்காக வாசலில் நிற்க வேண்டும். உரிமைக்கு ஒரு மனு எழுதிப் போட்டால் போதும்.

1952-ஆம் வருஷத்தை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி, கான்பூரில் நேரு தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பேராசிரியர் அடார்கர் 1944-ல் கொடுத்த அறிக்கையில் முளைத்து, 1948-ல் சட்டமான திட்டம் அது. அதே ஆண்டில் ராஜாஜி சர்க்கார் தஞ்சை ஜில்லாவுக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒன்று ஆலைக்கு, மற்றொன்று வயலுக்கு. வயலுக்கு வந்தது கூலியையும் வேலைநீக்கத்தையும் பற்றிப் பேசியது. ஆலைக்கு வந்தது உடம்பைப் பற்றியும் பேசியது.

நஷ்டஈடும் இன்ஷூரன்ஸும் ஒன்றுதானே என்று சிலர் நினைப்பதுண்டு. அல்லவே அல்ல. நஷ்டஈடு ஒரு முதலாளியின் சட்டைப் பையிலிருந்து வர வேண்டும். அவர் மறுத்தால் வழக்காட வேண்டும். இன்ஷூரன்ஸ் பொது உண்டியலிலிருந்து வருகிறது. முதலாளியும் தொழிலாளியும் மாதந்தோறும் அதில் போடுகிறார்கள். வேலையில் அடிபட்டவர், இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் தகுதி உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் ஏறக்குறைய தொண்ணூறு பங்கு. நிரந்தர ஊனமானால், இழந்த சக்திக்குத் தக்கபடி ஆயுள் உள்ளவரை மாதாமாதம். உயிரே போனால், அந்தத் தொகையில் ஐந்தில் மூன்று பங்கு விதவைக்கு, ஐந்தில் இரண்டு பங்கு ஒவ்வொரு குழந்தைக்கும். கூட்டினால் முழுத் தொகையை மிஞ்சுமானால் விகிதப்படி குறைத்துக்கொள்வார்கள்.

வயலுக்கு அந்த உண்டியல் வரவில்லை. பருவ காலத்தில் மட்டும் ஓடும் ஆலைகளைக்கூட, கரும்பு ஆலை உள்பட, அந்தச் சட்டம் ஒதுக்கி வைத்தது. நஷ்டஈட்டுச் சட்டம் மட்டும் மெல்ல மெல்ல வரப்பேறியது. டிராக்டர் போன்ற இயந்திரம் கொண்டு செய்யும் விவசாயம் பட்டியலில் சேர்ந்தது. விரலை இயந்திரம் வெட்டினால் நஷ்டஈடு, அரிவாள் வெட்டினால் விதி! பிறகு நிலச் சாகுபடியே பட்டியலுக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தம், தற்காலிக ஆள் என்று சொல்லித் தள்ளிவிடும் வழியையும் அடைத்தது.

ஆக, அரிவாள் பிடித்தவளுக்குச் சட்டப்படி கதவு திறந்துவிட்டது. உள்ளே போய் யாரிடம் கேட்பாள்? திங்கட்கிழமை ஒரு வயல், செவ்வாய்க்கிழமை வேறொரு வயல். அன்றைக்கு அவளைக் கூப்பிட்டவர் இரண்டு ஏக்கர் குத்தகைக்காரர். தண்ணீர் வருமா, விளையுமா என்று அவரே வானத்தைப் பார்த்துக் கொண்டிருப்பவர். அவர் மேல் அவள் ஐந்து லட்சத்துக்கு மனுப் போடுவாளா? போட்டால் வழக்காடப் போவது இரண்டு ஏழைக் குடும்பங்கள்.

இந்தச் சிக்கலுக்கு உண்டியல்தான் மருந்து. சிறிய உண்டியல்கள் சில வந்திருக்கின்றன. தமிழக அரசின் உழவர் பாதுகாப்புத் திட்டம் 2011-ல் வந்தது. இரண்டரை ஏக்கர் நஞ்சை அல்லது ஐந்து ஏக்கர் புஞ்சைக்கு மேற்படாத சிறு விவசாயியோடு, குத்தகைக்காரரையும் கூலியாளையும் அது சேர்த்துக்கொண்டது. 2015-ல் வந்த மத்திய சர்க்காரின் விபத்து இன்ஷூரன்ஸுக்கு இப்போது வருஷத்துக்கு இருபது ரூபாய் சந்தா. மரணத்துக்கும், இரு கண்களோ இரு கைகளோ போனால் முழு ஊனத்துக்கும் இரண்டு லட்சம். ஒரு கண்ணோ, ஒரு கையோ, ஒரு காலோ போனால் ஒரு லட்சம். நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கணக்கில் விரல் இல்லை. கருக்கரிவாள் கையை வெட்டுவதில்லை; விரலைத்தான் வெட்டுகிறது.

2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்து, பழைய சட்டங்கள் இரண்டையும் ஒரே புத்தகமாகத் தைத்துவிட்டது. நான்காம் அத்தியாயம் இன்ஷூரன்ஸ்; ஏழாம் அத்தியாயம் நஷ்டஈடு. நான்காம் அத்தியாயத்தில் 45-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அமைப்பு சாராத் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் இந்த இன்ஷூரன்ஸ் பலன்களைத் தர மத்திய சர்க்கார் திட்டம் வகுக்கலாம் என்கிறது அது.

'வகுக்கலாம்' என்றுதான் இருக்கிறது. 'வகுக்க வேண்டும்' என்று இல்லை. திருக்காட்டுப்பள்ளி வயலில் குனிந்து நிற்பவளின் கட்டை விரல் இப்போது அந்த ஒரு சொல்லை நம்பியிருக்கிறது.