தமிழ்த் திருமறையில் இறைவனின் பெயர்

1737இல் சார்தோரியுஸ், கைஸ்தர் என்னும் ஜெர்மானிய அருட்பணியாளர்கள் கடலூரில் திருப்பணி தொடங்கினர். அந்நாளில் அச்சேறியிருந்த தமிழ்த் திருமறை, தரங்கம்பாடியில் சீகன்பால்க் தொடங்கிச் சூல்ட்சே நிறைவுசெய்ததாகும். அதில் இறைவன் ‘சருவேசுரன்’ எனப்பட்டார். அச்சொல் சீகன்பால்க் படைத்ததன்று. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மதுரையில் தெ நோபிலி வழங்கிய சொல்.

1772இல் வெளிவந்த ஃபப்ரிசியுஸின் புதிய ஏற்பாடு ‘பராபரன்’ என்றது. லுத்தரன் சபையார் அவர் மொழிபெயர்ப்பை நெடுங்காலம் விடாது பற்றிநின்றனர். 1850இல், சைவராகிய ஆறுமுக நாவலரின் துணையோடு பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் உருவாக்கிய மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. தமிழகத்துச் சபைகள் அதனை ஏற்கவில்லை. ஆயினும் பவர் தலைமையில் 1871இல் நிறைவுற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பு அதே ‘தேவன்’ என்னும் சொல்லையே மேற்கொண்டது. தேவர் பலர் என்னும் வழக்குள்ள நாட்டில் அச்சொல் ஏக இறைவனுக்குத் தகுமோ என்ற வினா எழாமல் இல்லை. 1995இல் சீர்திருத்தச் சபையாரும் கத்தோலிக்கரும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியம் ‘கடவுள்’ என்கிறது.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? ஒரு தலைமுறை ஐயுற்ற சொல்லே அடுத்த தலைமுறைக்குப் புனிதமாகிறது. ‘தேவன்’ என்பதே வேதத்தின் சொல் என்று இன்று வாதிடுவோர், அது ஒருகாலத்தில் புதுமையென ஒதுக்கப்பட்டதை எண்ணுதல் வேண்டும். மறுபுறம், ‘கடந்தும் உள்ளும் இருப்பவர் கடவுள்’ எனச் சொல்லைப் பிரித்து அருளுரை அமைப்போரும் எச்சரிக்கையாயிருத்தல் நலம். அது தமிழ்ச் சொல்லாராய்ச்சியேயன்றி, எபிரேய, கிரேக்க மூலங்களின் விளக்கமன்று. அம்மூலங்களிலும் இந்நிலையே காண்கிறோம். ‘ஏல்’ கானானியர் தம் தலைமைத் தெய்வத்துக்கு வழங்கிய பெயர். ‘தெயோஸ்’ சேயுஸை வணங்கியோரின் சொல். இஸ்ரவேலின் வரலாறும் கிறிஸ்துவின் சிலுவையுமே அவற்றுக்குப் புதுப் பொருள் தந்தன. சொல்லின் வேர் அதனைத் தரவில்லை.

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்துள்ள ஊர்களில், பாட்டி மனப்பாடம் செய்த வசனத்தில் ‘தேவன்’ இருக்கிறார்; ஆலையில் பணிபுரியும் பேரன் படிக்கும் நூலில் ‘கடவுள்’ இருக்கிறார். ஒருவர் நாவிலிருந்து மற்றவர் சொல்லைப் பிடுங்குவது ஆயரின் பணியன்று. இருவரும் ஒருவரையே அழைக்கின்றனர் என்று விளங்கவைப்பதே அவரது பணி. அதற்குத் திருமறை நம் கைக்கு வந்த வழியை அவர் அறிந்திருத்தல் இன்றியமையாதது.