சுமையும் தையலும்: போடி மலைச்சரிவை முன்வைத்துக் குடலிறக்க அறுவை மருத்துவ விளைவுகளின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

வயிற்றுச்சுவர்க் குடலிறக்கத்திற்கான அறுவை மருத்துவத்தில் ‘நல்ல விளைவு’ என்பது காலந்தோறும் வெவ்வேறு அளவைகளால் மதிப்பிடப்பட்டு வந்துள்ளது. உயிர் பிழைத்தல், மீண்டும் இறங்காமை, நீடித்த வலி இன்மை என்பன அவற்றுள் முதன்மையானவை. இவ்வளவைகள் உருவான வரலாற்றைப் போடிநாயக்கனூர் மலைச்சரிவின் உழைப்புச் சூழலோடு வைத்து நோக்கும் இக்கட்டுரை, மருத்துவமனைக்கான தொலைவும் சுமைப்பணிக்குத் திரும்ப வேண்டிய கட்டாயமும் இடர்க்காரணிகளாகக் கொள்ளப்பட வேண்டும் என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: குடலிறக்கம், அண்டவாதம், வலைத்துணி, இடர்க்காரணி, ஏலத்தோட்டத் தொழிலாளர், போடிநாயக்கனூர்

முன்னுரை

வயிற்றுச்சுவரின் வலுக்குறைந்த இடத்தின் வழியே குடலோ கொழுப்புப் படலமோ வெளியே பிதுங்குவது குடலிறக்கம் எனப்படும். அது கவட்டிலும் தொப்புளிலும் முன்பு அறுத்துத் தைத்த தழும்பிலும் தோன்றலாம். படுத்தால் உள்ளே சென்றுவிடும் வீக்கமாகப் பல ஆண்டுகள் தொல்லையின்றி இருப்பவரும் உண்டு. வெளிவந்த குடல் சிக்கிக்கொண்டு அதன் இரத்த ஓட்டம் தடைபட்டால் சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். இந்நிலை நெரிபாடு எனப்படும். நீண்ட பொறுமைக்கும் திடீர் இறப்பிற்கும் ஒருங்கே இடந்தரும் நோயாதலின், இதற்கான மருத்துவத்தை மதிப்பிடும் முறைக்கும் ஒரு சமூக வரலாறு உண்டு.

பெயரும் நோயும்

சித்த மருத்துவ மரபில் விரைப்பகுதி வீக்கங்கள் அண்டவாதம் என்னும் தலைப்பில் வாத நோய்களோடு வைத்து எண்ணப்பட்டன. நீர் கோத்த வீக்கமும் குடல் இறங்கிய வீக்கமும் அதனுள் அருகருகே இடம்பெற்றன. பேச்சுவழக்கில் ‘ஓதம்’ என்னும் சொல்லும் இவ்விரண்டிற்கும் பொதுவாக வழங்கியது. பெயர் வீக்கம் தோன்றும் இடத்தைச் சுட்டியதேயன்றி, பழுதுபட்ட வயிற்றுச்சுவரைச் சுட்டவில்லை.

காரணத்தைப் பற்றிய அறிவோ தொன்மையானது. வடமொழி மருத்துவ நூலான சுசுருத சங்கிதை, அந்திரவிருத்தி என்னும் இந்நோய்க்குப் பாரம் சுமத்தல், தன்னினும் வலியவனோடு பொருதல், மரத்திலிருந்து விழுதல் ஆகியவற்றைக் காரணங்களாகக் கூறுகிறது. விரைப்பைக்குள் இறங்கிவிட்ட நிலையைத் தீராதது என ஒதுக்கி, அதற்கு முந்திய நிலைக்குச் சூட்டுக்கோல் மருத்துவத்தை விதிக்கிறது. தீர்க்கத்தக்கது, தீராதது என்னும் இப்பகுப்பை விளைவை முன்கூட்டி மதிப்பிட முயன்ற தொடக்ககால முயற்சியாகக் கருதலாம்.

மேலை அறுவை மருத்துவம் தமிழ்வழிக் கல்வியாக அறிமுகமானதில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் பிஷ் கிறீனின் பங்கு பெரிது. அவரது முயற்சியால் ‘இரண வைத்தியம்’ என்னும் மொழிபெயர்ப்பு நூல் 1867இல் வெளிவந்தது. எனினும் அக்காலத்தில் குடலிறக்கத்திற்கு நம்பத்தக்க அறுவை முறை உலகில் எங்கும் உருவாகியிருக்கவில்லை.

மலைச்சரிவும் சுமையும்

போடிநாயக்கனூரின் பொருளியல் மேட்டிற்கும் சமவெளிக்கும் இடையிலான சரக்குப் போக்குவரத்தின்மீது எழுந்தது. கண்ணன் தேவன் மலைத் தேயிலை, 1902இல் அமைந்த குண்டளைப் பள்ளத்தாக்கு இரும்புப்பாதை வழியே டாப் ஸ்டேஷனை அடைந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் இறங்கிக் கொட்டகுடிக்கு வந்தது. பின்னர் 15 கிலோமீட்டர் மாட்டுவண்டியில் போடியைச் சேர்ந்தது. அவ்விரும்புப்பாதை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. மதுரை – போடி இருப்புப்பாதை 1928இல் திறக்கப்பட்டது.

கம்பிவடமும் இரயிலும் பெருந்தோட்டச் சரக்கின் நீண்ட தொலைவைச் சுருக்கின. அவற்றுக்கு இருபுறமும் எஞ்சிய தொலைவை மனித உடலே கடந்தது. தோட்டத்திலிருந்து உலர்த்துமிடத்திற்கும், வண்டியிலிருந்து கிட்டங்கிக்கும் மூட்டை தலையிலும் தோளிலுமே சென்றது. இன்று நறுமணப்பொருள் வாரியத்தின் மின்னேலம் போடியில் நடைபெறுகிறது. ஆயினும் சும்மாடு மறைந்துவிடவில்லை. போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறி இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குச் சென்று திரும்புவோரில் பெண்கள் மிகுதி.

சுமை தூக்குவதால் குடலிறக்கம் உண்டாகுமா என்பது மருத்துவத்தில் நெடுங்காலமாக விவாதிக்கப்படுகிறது. ஒருமுறை பளு தூக்கியதைத் தனிக்காரணமாகக் காட்டுவது கடினம். டென்மார்க்கில் 2010களில் வெளியான ஆய்வுகள், நாள்தோறும் பெருஞ்சுமை தூக்கும் ஆண்களுக்குக் கவட்டுக் குடலிறக்கத்தின் ஒரு வகை மிகுதியாக ஏற்படுவதைக் காட்டின. திசுக்களை இணைக்கும் கொலாஜன் புரதத்தின் குறைபாடு, குடும்ப வழி, புகைபிடித்தல், நாட்பட்ட இருமல் ஆகியனவும் காரணிகளாக எண்ணப்படுகின்றன.

மாறிவந்த அளவைகள்

இத்தாலியின் பதுவா நகரில் 1880களில் எதுவார்தோ பசினி கவட்டுப் பகுதியின் பின்சுவரை அடுக்கடுக்காகத் தைத்துச் சீரமைக்கும் முறையை உருவாக்கினார். 262 அறுவைகளைப் பற்றிய தம் அறிக்கையில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினருக்கே இறக்கம் மீண்டதாக அவர் காட்டினார். இதன்பின், உயிர் பிழைத்தாரா என்னும் வினாவோடு மீண்டும் இறங்கியதா என்னும் வினாவும் நிலைபெற்றது. நோயாளியைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தாலன்றி இவ்வினாவிற்கு விடை கிடைக்காது.

தையல் முறையின் குறை இழுவிசை ஆகும். விலகிய தசைகளை இழுத்துத் தைத்தால் தையல் நாளடைவில் அறுக்கும். 1950களின் பிற்பகுதியில் பிரான்சிஸ் அஷர் செயற்கை வலைத்துணியைப் பயன்படுத்தினார். 1989இல் இர்விங் லிக்டென்ஸ்டைன் குழுவினர் இழுவிசையின்றி வலைத்துணி பொருத்தப்பட்ட 1000 நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில், 1 முதல் 5 ஆண்டுக் காலப் பின்தொடர்வில் ஒருவருக்கும் மீளவில்லை எனக் குறித்தனர். மீளிறக்கம் அரிதானபோது நீடித்த வலி அடுத்த அளவையாக எழுந்தது. 2018ஆம் ஆண்டுப் பன்னாட்டு வழிகாட்டுதல்கள் வலைத்துணியைப் பரிந்துரைப்பதோடு, ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வலி நீடிப்பதையும் சுட்டுகின்றன.

வலைத்துணியின் விலை ஏழை நாடுகளுக்குத் தடையாக இருந்தது. மகாராட்டிரத்தின் தோண்டாயிச்சாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ரவீந்திரநாத் தோங்காவ்கர், பூச்சிமருந்து தோயாத கொசுவலைத் துணியை நுண்ணுயிர் நீக்கிப் பயன்படுத்தினார். பல மையங்களின் முதற்கட்ட முடிவுகளை அவர் குழுவினர் 2003இல் வெளியிட்டனர். உகாண்டாவில் 302 ஆண்களிடம் நடந்த ஒப்பீட்டாய்வின் முடிவு 2016இல் வெளியானது. ஓராண்டிற்குப் பின் மலிவு வலைக்கும் வணிக வலைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இந்தியச் சிற்றூர் ஒன்றின் தேவையிலிருந்து பிறந்த முறை உலக மருத்துவத்திற்குச் சான்றாக மாறியது.

தழும்பின் வழி இறக்கம்

சுமைப்பணியைப் பேசும்போது ஆணின் கவட்டுக் குடலிறக்கமே முன்னிற்கும். பெண்களிடம் தொப்புளிலும் பழைய தழும்பிலும் தோன்றும் இறக்கங்கள் தனிக்கவனத்திற்குரியவை. அடிவயிற்றின் நடுக்கோட்டில் நிகழ்ந்த மகப்பேறு, கருப்பை அறுவைகளின் தழும்புகள் இந்திய ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் சுட்டப்படுகின்றன. இவ்வகை இறக்கத்தில் அறுவையின் விளைவும் நலிவானது. நெதர்லாந்தில் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், 3 ஆண்டுகளில் தையல் மட்டும் போட்டோரில் 43 விழுக்காட்டினருக்கும் வலைத்துணி வைத்தோரில் 24 விழுக்காட்டினருக்கும் இறக்கம் மீண்டது. புண்ணில் சீழ் பிடித்தல், உடற்பருமன், நீரிழிவு, புகைபிடித்தல் ஆகியன இடரைக் கூட்டுகின்றன. ஆகவே ஏலத்தோட்டப் பெண்ணின் குடலிறக்கத் தடுப்பு, அவளது முதல் அறுவையில் வயிறு எவ்வாறு தைக்கப்பட்டது என்பதிலேயே தொடங்குகிறது.

காத்திருத்தல் என்னும் அறிவுரை

தொல்லை தராத கவட்டுக் குடலிறக்கத்தை உடனே அறுக்க வேண்டுமா? அமெரிக்காவில் 720 ஆண்களிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வு, கண்காணித்துக் காத்திருத்தல் ஏற்கத்தக்கது என்றது. திடீர்ச் சிக்கல் 1000 பேருக்கு ஆண்டுக்கு 2க்கும் குறைவாகவே இருந்தது. எனினும் காத்திருந்தோரில் மூவரில் இருவர் 10 ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் வலியின் காரணமாக அறுவைக்கு வந்தனர்.

இவ்வறிவுரை, சிக்கல் நேர்ந்தால் உடனே மருத்துவமனையை அடையலாம் என்னும் நம்பிக்கையின்மீது நிற்கிறது. நெரிபாட்டின் விலையை ஸ்வீடனின் பதிவேடு காட்டுகிறது. 2007இல் வெளியான பகுப்பாய்வின்படி, திட்டமிட்ட அறுவைக்குப் பின் இறப்பு இயல்பான அளவைத் தாண்டவில்லை. அவசர அறுவைக்குப் பின் அது 7 மடங்காகவும், குடலை வெட்டியகற்ற நேர்ந்தபோது 20 மடங்காகவும் உயர்ந்தது.

போடி நகரத்தவருக்கு அரசு மருத்துவமனை அருகில் உள்ளது. க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவு. தமிழகத்தில் 108 அவசர ஊர்தி 2008 முதல் இயங்குகிறது. ஆனால் ஊர்தி நிற்கும் இடம் வரை சாலையற்ற மலைச்சிற்றூர்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கிவரும் செய்திகள் அண்மைக்காலம் வரை நாளிதழ்களில் வந்துள்ளன. தோளில் இறங்கும் அந்த மணி நேரங்கள் எந்தப் பதிவேட்டிலும் இடர்க்காரணியாக இடம்பெறுவதில்லை.

கூலியும் அவ்வாறே. கவட்டுக் குடலிறக்க அறுவைக்குப் பின் வலி இடந்தருமளவில் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பலாம் என்பதே இன்றைய பரிந்துரை. மூட்டை தூக்குவோரின் இயல்பு வாழ்க்கை மூட்டை தூக்குதலே ஆதலால், அவர்கள் சில வாரங்களேனும் பொறுக்க நேரிடும். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதிக்கும் நோய்க்கால உதவிக்கும் வகை செய்தது. 1981ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னும், 5 ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டங்களையும் 15 பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் தோட்டங்களையும் அது தானாகக் கட்டுப்படுத்தவில்லை. சிறு ஏலத்தோட்டத்தின் நாட்கூலியாளருக்கு அறுவை இலவசமாகக் கிடைத்தாலும் ஓய்வு இலவசமாகக் கிடைப்பதில்லை. அறுவையைத் தள்ளிப்போடுவதற்கு அச்சமும் அறியாமையும் மட்டுமே காரணங்கள் எனக் கொள்வது பொருந்தாது.

முடிவுரை

குடலிறக்க அறுவையின் வரலாற்றில் ஒவ்வோர் அளவையும் முந்தைய அளவை ஓரளவு நிறைவேறிய பின்னரே எழுந்துள்ளது. உயிர் காக்கப்பட்டபின் மீளிறக்கமும், மீளிறக்கம் குறைந்தபின் வலியும் எண்ணப்பட்டன. மலைச்சரிவில் இவ்வரிசை இன்னும் முழுமையாகப் பொருந்தவில்லை. அங்கு முதல் அளவையே தொலைவைச் சார்ந்துள்ளது. எனவே மலைப்பகுதி நோயாளிக்குக் காத்திருக்கலாம் எனச் சொல்லுமுன் அவர் வீட்டிலிருந்து சாலைக்கு எத்தனை மணி நேரம் என்பதையும், வீட்டிற்கு அனுப்புமுன் அவர் தூக்கும் சுமை எவ்வளவு என்பதையும் நோயேட்டில் குறிப்பது தேவையாகிறது. அவ்விரு குறிப்புகளும் பதிவானால், சுமைப்பணிக்குத் திரும்புதல் இந்நோய் மருத்துவத்தின் நான்காம் அளவையாக உருப்பெறும். அதனை ஆராய்வதற்குரிய களமாகப் போடி மலைச்சரிவும் அமையும்.