காற்றுக்காகக் கட்டிய வைத்தியசாலைகள்

மருந்தும் உணவும் அளிப்பதே வைத்தியசாலையின் பணியென நம்மிற் பலர் எண்ணுவர். அதன் சுவரும் யன்னலுங்கூட உயிரைக் காக்கவும் போக்கவும் வல்லன என்பதை உலகம் ஒரு கொடிய போரின் வாயிலாகவே நன்குணர்ந்தது.

கிறைமியப் போரில் நோயுற்றும் காயமுற்றும் வீழ்ந்த பிரித்தானிய வீரர், துருக்கியிலுள்ள ஸ்குற்றாரிப் படைமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அடைபட்ட கழிவுக் கால்வாய்களின் மேல் நின்ற, காற்றோட்டங் குன்றிய பெருங்கட்டடம் அது. 1854 நவம்பரில் புளோறன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் தாதியருடன் அங்கு சென்றார். சென்ற பின்னரும் சாவு குறைந்திலது; 1855 பெப்ருவரியில் நோயாளருள் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் கால்வாய்களைத் துப்புரவாக்கிக் காற்றுக்கு வழி திறந்தனர். யூன் மாதத்தில் அத்தொகை நூற்றுக்கு இரண்டளவிற்கு இறங்கிற்று. விளக்கேந்திய மங்கையைப் பற்றிப் பாடசாலையிற் படித்த நாம், இக்கால்வாய்களைப் பற்றிப் படித்ததில்லை!

அதே ஆண்டிற் பொறியியலாளர் புறூணல், இங்கிலாந்திற் செய்த மரப்பகுதிகளைக் கப்பலேற்றி, தார்தனெல்ஸ் நீரிணையருகே றென்கியோய் என்னுமிடத்தில் வைத்தியசாலையொன்று அமைப்பித்தார். தனித்தனிக் கூடங்கள், அவற்றை இணைக்க நீண்ட நடைபாதை, காற்றை உட்செலுத்தக் கையாற் சுழற்றும் விசிறிகள். அங்கு தங்கிய ஏறக்குறைய 1,300 பேருள் 50 பேரே இறந்தனர். போரின் உக்கிரம் தணிந்தபின் வந்தோர் அவர்கள். ஆதலின் இரு தொகைகளையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று. எனினும் கட்டடம் எவ்வாறிருத்தல் வேண்டுமென்பது புலனாயிற்று.

அம்மையார் 1859இல் வைத்தியசாலைகளைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். கூடம் ஏறக்குறைய 30 அடியே அகலமாயிருக்க வேண்டும். இருபக்கமும் யன்னல்கள் எதிரெதிராய் அமைய வேண்டும். கூரை உயர்ந்திருக்க வேண்டும் என்பன அவர் கொள்கைகள். அகலங் குறைந்தால் ஒருபுறம் புகுங் காற்று மறுபுறத்தால் வெளியேறும். வெப்பக் காற்று மேலெழுந்து போகும். 1871இல் தேம்ஸ் நதிக்கரையில் திறக்கப்பட்ட சென்ற் தோமஸ் வைத்தியசாலை இம்முறையில் எழுந்ததே.

வியப்பென்னவெனில், அம்மையார் இம்முடிவுக்கு வந்தது பிழையான கொள்கையொன்றினால். கெட்ட காற்றே நோயைப் பிறப்பிக்கிறதென அவர் நம்பினார். 1882இல் கொக் என்பார் சயரோகக் கிருமியைக் கண்டறிந்தார். பழைய கொள்கை வீழ்ந்தது. பின்னர் குளிரூட்டும் பொறியும் வந்தது. காற்றைப் பொறி தருமெனின் யன்னல் எதற்கு? கூடங்கள் அகன்றன, கூரைகள் தாழ்ந்தன. பொறிக்கோ மின்சாரம் வேண்டும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டைக் கண்ட நமக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

கொள்கை பிழைத்தாலும் கட்டடம் பிழைக்கவில்லை. பேரு நாட்டின் லீமா நகரில் எட்டு வைத்தியசாலைகளின் காற்றோட்டத்தை அளந்து 2007இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. சயரோகிகளுடன் 24 மணி நேரம் ஒரே அறையில் இருப்போருள், பொறியாற் காற்றூட்டிய அறையில் நூற்றுக்கு 39 பேருக்கும், யன்னல் திறந்த புதிய அறையில் 33 பேருக்கும், 1950க்கு முற்பட்ட உயர்ந்த அறையில் 11 பேருக்குமே கிருமி தொற்றுமென ஆய்வாளர் கணித்தனர். யன்னல்களும் கதவுகளும் திறந்திருக்கையிற் கண்ட கணக்கு இது. அவற்றை அடைத்தவிடத்துக் காற்றோட்டம் மிகக் குன்றிற்று.