டால்டாவில் நல்லெண்ணெய்

டால்டா டின்னுக்குள் நூற்றுக்கு 5 பங்கு நல்லெண்ணெய் இருந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ருசிக்காக அல்ல, சர்க்கார் சட்டம். நெய்யில் டால்டா போன்ற வனஸ்பதியைக் கலந்து விற்பவனைப் பிடிக்க வைத்த பொறி அது. சந்தேகப்பட்ட நெய்யை உருக்கி, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் விட்டுக் குலுக்குவார்கள். நல்லெண்ணெய் கலந்திருந்தால் அடியில் தங்கும் அமிலம் ரோஜா நிறமாகிவிடும்.

என் அப்பா கல்யாணச் சமையல்காரர். நெய்யைவிட மலிவு, சீக்கிரம் கெடாது என்று டால்டாவைக் கொண்டாடியவர். பாதுஷாவுக்கு அதை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்தபிறகுதான் மாவைக் கொட்டுவார். "நெய்யா மாமா?" என்று சம்பந்தி வீட்டார் கேட்டால் சிரிப்போடு சரி. தின்று முடித்தும் மேலண்ணத்தில் நிற்கும் பிசுக்கு உண்மையைச் சொல்லிவிடும்.

டச்சுக்காரர்களின் 'டாடா' என்ற சரக்குப் பெயருக்கு நடுவே லீவர் கம்பெனி தன் 'ல்'லைச் செருகி, 1937இல் டால்டாவை விற்பனைக்கு விட்டது. நிக்கல் தூளைத் துணைக்கு வைத்து, எண்ணெய்க்குள் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி இறுக வைத்த கொழுப்பு. காந்தி எதிர்த்தார். வனஸ்பதியைத் தடை செய்யச் சொல்லி நாடெங்கும் வாதம் நடந்தது. நெய்யின் மானத்தைக் காப்பாற்ற இத்தனை பாடு. நெஞ்சை யாரும் நினைக்கவில்லை. நினைக்க அன்று ஆராய்ச்சியும் இல்லை.

அது 1990இல் வந்தது. எண்ணெயை அரைகுறையாக இறுக்கும்போது உண்டாகும் ட்ரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி, நல்லதையும் இறக்குகிறது என்று நெதர்லாந்தில் மென்சிங்க், காட்டன் இருவரும் காட்டினார்கள். அன்றாடக் கலோரியில் 2 சதவீதம் இதிலிருந்து வந்தாலே இதய நோய் அபாயம் 23 சதவீதம் கூடுகிறது என்றது 2006இல் வந்த ஒரு தொகுப்பாய்வு. டென்மார்க் 2003லேயே இதைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது. நம் நாட்டில் எண்ணெய், கொழுப்புகளில் ட்ரான்ஸ் கொழுப்புக்கு 2 சதவீத உச்சவரம்பு 2022 ஜனவரியில்தான் வந்தது.

அதற்காக, நெய்க்குத் திரும்பிவிட்டால் தீர்ந்தது என்பது பேத்தல். நெய்யின் நிறைகொழுப்பும் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். எந்தக் கொழுப்பானாலும் கிராமுக்கு 9 கலோரி. தொந்தி விழுந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, பின்னாலேயே நெஞ்சுவலி. அப்பா காலத்தில் பாதுஷா கல்யாணத்துக்கு மட்டும். இப்போது டீ குடிக்கப் போனாலே கண்ணாடிப் பெட்டிக்குள் பஃப்ஸ் காத்திருக்கிறது. அதில் லேபிள் ஏதும் ஒட்டியிருக்காது. என்ன கொழுப்பில் செய்தது என்று கடைக்காரரிடம் கூசாமல் கேளுங்கள்.