காங்க்ரா கோட்டையை இடித்தது யார்?

இமாச்சலப் பிரதேசத்தில், தௌலாதார் மலைத்தொடரின் அடிவாரத்தே, பாணகங்கையும் மாஞ்சியும் கூடுமிடத்தில் எழும் செங்குத்துப் பாறைமுகட்டின்மேல் அமைந்துள்ளது காங்க்ரா கோட்டை. கடோச் அரசகுலத்தாரின் தலைமையிடமாக விளங்கிய அம்மலைக்கோட்டைக்குள் ரஞ்சித் சிங் வாயில் வழியே நுழைவோர், ஜஹாங்கீர் வாயிலையும் வேறு பல வாயில்களையும் கடந்து உச்சியிலுள்ள முற்றத்தை அடைகின்றனர். அங்கே எஞ்சியிருப்பவை நுண்சிற்பங்கள் நிறைந்த சில சுவர்ப்பகுதிகளும், சரிந்து கிடக்கும் கற்குவியல்களுமே. இவற்றை இடித்தவர் யார் என்னும் வினா காண்போர் மனத்தில் இயல்பாகவே எழுகிறது. பெரும்பாலோர் கேட்டறிந்துவரும் விடை ஒன்றே: கஜினி மஹ்மூத்.

அவ்விடைக்கு ஓர் அடிப்படை உண்டு. 1009இல் மஹ்மூத் நகர்கோட்டைக் கைப்பற்றிப் பெருஞ்செல்வத்தைக் கொண்டுசென்றதைப் பாரசீக, அரபு வரலாற்று நூல்கள் பதிவுசெய்துள்ளன. அந்நகர்கோட் காங்க்ராவே என்பது அறிஞர் பலரின் கருத்து. 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக்கும் இக்கோட்டையை முற்றுகையிட்டார். இக்கொள்ளையையும் படையெடுப்பையும் மறுக்க வேண்டிய தேவை எதுவுமில்லை. ஆயினும், இன்று நம் கண்முன் கிடக்கும் இடிபாடு அந்நிகழ்வுகளின் விளைவுதானா என்பது தனியாக ஆராயத்தக்க வினா.

பிற்காலச் சான்றுகள் வேறொரு காட்சியைத் தருகின்றன. 1620இல் நீண்ட முற்றுகைக்குப் பின், உணவின்றி வாடிய காவற்படை முகலாயரிடம் பணிந்தது. ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்பில் இக்கோட்டைக்கு 23 கொத்தளங்களும் 7 வாயில்களும் இருந்தனவென எண்ணிக்கையோடு குறிப்பிடுகிறார். 1622இல் நேரில் வந்தபோது உள்ளே ஒரு மசூதி எழுப்பவும் ஆணையிட்டார். 1780களில் கடோச் அரசர் சன்சார் சந்த் முன்னோரின் கோட்டையை மீட்டார். கூர்க்கர்கள் ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டும் அதனைப் பிடிக்க இயலவில்லை. அவர்களை விரட்ட ரஞ்சித் சிங்கின் துணையை நாடிய சன்சார் சந்த், 1809இல் கோட்டையையே அதற்கு விலையாகக் கொடுத்தார். 1846இல், பெரும் பீரங்கிகள் மலைமேல் கொண்டுவரப்பட்ட பின், சீக்கியக் காவற்படை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. பட்டினி, பேரம், சரண் என வழிகள் வேறுபட்டாலும், இம்மூன்று கைமாற்றங்களிலும் கோட்டை தகர்க்கப்படவில்லை. ஒவ்வொரு புதிய உரிமையாளருக்கும் அது படை தங்கும் இடமாகவே தேவைப்பட்டது. ஆங்கிலேயப் படைப்பிரிவும் அங்கே தங்கியிருந்தது.

1905 ஏப்ரல் 4 அன்று காலை 6 மணிக்குச் சற்றுப் பின்னர் நிலம் நடுங்கியது. கோட்டையின் சுவர்களும் உள்ளிருந்த கோயில்களும் சரிந்தன. காங்க்ரா நகரின் வஜ்ரேஸ்வரி கோயிலும், தர்மசாலாவின் படைக்குடியிருப்புகளும், எண்ணற்ற உழவர் வீடுகளும் அதே காலையில் வீழ்ந்தன. மாண்டோர் ஏறத்தாழ 20,000 பேர்.

இதற்கான சான்றுகள் ஆய்வாளர்க்கு எட்டாதவை அல்ல. நிலநடுக்கத்துக்கு முன்னர், 19ஆம் நூற்றாண்டிலேயே, அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் காங்க்ராவின் தொன்மைச் சின்னங்களை விவரித்திருந்தார். அழிவுக்குப் பின் தொல்லியல் துறையின் ஃபோகல், அப்பகுதியில் சிதைந்த சின்னங்களைப் பற்றித் தனிக்கட்டுரை வரைந்தார். நிலவியல் துறையின் மிடில்மிஸ் இந்நிலநடுக்கத்தை விரிவாக ஆராய்ந்து 1910இல் அறிக்கை வெளியிட்டார். முன்னதையும் பின்னதையும் ஒருங்கே வைத்துப் படிப்பவர்க்கே இன்றைய கற்குவியலின் காலம் புலப்படும்.

கல்வெட்டுக்குக் காலம் கணிக்காமல் அதனை எவரும் சான்றாகக் கொள்வதில்லை. இடிபாட்டுக்கு மட்டும் அவ்விதியைத் தளர்த்திவிடுகிறோம். உடைந்த சுவரைக் கண்டதும், நமக்கு முன்பே தெரிந்த படையெடுப்பை அதன்மேல் ஏற்றிவிடுகிறோம். ஒரு கோட்டை எப்போது தாக்கப்பட்டது, எப்போது கைவிடப்பட்டது, எப்போது இடிந்தது என்பன மூன்று தனித்தனி வினாக்கள். காங்க்ராவில் அவற்றுக்குரிய விடைகளுக்கிடையே ஏறத்தாழ 900 ஆண்டுகள் உள்ளன.

இப்பிழையால் இழப்பவை இரண்டு. 1905இன் இடிபாட்டை 1009இன் கணக்கில் எழுதும்போது, அக்காலையில் மாண்ட ஆயிரக்கணக்கான மலைமக்கள் வரலாற்றிலிருந்து மறைந்துபோகின்றனர். காங்க்ரா இன்றும் நிலநடுக்க அபாயம் மிகுந்த பகுதியிலேயே உள்ளது. கோட்டையைக் காண ஏறுவோர்க்கும் அதன் அடிவாரத்தில் வீடு கட்டி வாழ்வோர்க்கும் அக்கற்கள் சொல்லும் எச்சரிக்கை, கஜினியின் பெயரைச் சொல்லி முடித்துவிடுவதால் கேட்கப்படாமலே போகிறது.