இயன்மருத்துவமும் உருவு வைத்தியமும்: மதுரங்குளிக் கரையோரம்

இயன்மருத்துவம் என்பது காயத்தாலோ நோயாலோ முதுமையாலோ குறைந்துபோன உடலசைவைப் பயிற்சி, கைச்சிகிச்சை, சூடு, குளிர், மின்தூண்டல் முதலியவற்றால் மீட்டெடுக்கும் மருத்துவத் துறை. இலங்கையில் நோயாளர் வாயில் இது ‘பிசியோ’. உருவு வைத்தியம் அதற்கு மூத்தது. எண்ணெய் பூசி உருவுவதும், ஒற்றடம் கொடுப்பதும், பற்றுப்போடுவதும், முறிந்த இடத்தில் சிம்பு வைத்துக் கட்டுவதும் அதில் அடங்கும். கொழும்பு–புத்தளம் ஏ3 வீதியில் முந்தலுக்கும் பாலாவிக்கும் இடையே அமைந்த மதுரங்குளியிலும் அதைச் சூழ்ந்த கரையோர ஊர்களிலும் இவ்விரண்டும் அருகருகே வாழ்கின்றன. பலருக்கு உருவு முதலில், ஆஸ்பத்திரி பிறகு. இந்த வரிசைதான் பல சிக்கல்களின் வேர்.

இப்பகுதியின் காயங்கள் தொழிலோடு ஒட்டியவை. புத்தளம் மாவட்டம் இலங்கையின் தென்னை முக்கோணத்தின் ஒரு முனை. மரமேறுபவர் விழுந்தால் இடுப்போ முள்ளந்தண்டோ மணிக்கட்டோ பழுதாகும். மீனவ ஊரான உடப்பில் அம்பா என்னும் தொழிற்பாட்டைப் பாடிக் கரைவலை இழுப்பவர்கள், ஈரமணலில் குதிகாலை ஊன்றிப் பின்னோக்கிச் சாய்ந்தே கயிற்றை இழுக்கிறார்கள். அந்தச் சாய்வில் பாரம் முழுவதும் இடுப்பின் அடித்தசைகளில் இறங்கும். இறால் பண்ணை வரம்புகளில் வழுக்குவதும், கற்பிட்டியின் வெங்காயத் தோட்டங்களில் நாள் முழுக்கக் குனிந்து நிற்பதும், நெடுவீதியில் மோட்டார் சைக்கிள் சரிவதும் மற்றவை. இவற்றோடு நீரிழிவுக்காரரின் தோள் இறுக்கமும் பக்கவாதமும் மூட்டுத் தேய்வும் சேர்கின்றன.

மரபின் கை

சிங்களத்தில் ‘கெடும் பிந்தும்’ என்றும் தமிழில் முறிவு நெரிவு வைத்தியம் என்றும் வழங்கும் மரபு, பெரும்பாலும் குடும்ப வழியாக வருவது. சித்த மருத்துவத்தில் உருவுதல் ‘தொக்கணம்’ எனத் தனிப் பிரிவாகவே உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். முதல் சில வகைகள் எந்த மசாஜ் நிலையத்திலும் காணக்கூடியவை. கடைசிப் பகுதியில் வரும் இழுத்தலும் அசைத்தலும் இன்று இயன்மருத்துவர் மூட்டைப் பிடித்து அசைத்துக் கொடுப்பதற்கு மிக நெருக்கமானவை. முஸ்லிம்கள் செறிந்து வாழும் இக்கரையில் யுனானி மரபுக்கும் இடமுண்டு. அம்மரபின் பேராசானான இப்னு சீனா தம் மருத்துவப் பெருநூலில் உடற்பயிற்சியையும் உருவுதலையும் ஒரே பேச்சாகப் பேசியவர். பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடலைத் தேய்க்கச் சொன்னவர். இந்தச் சேர்க்கை பிற்காலத்தில் கழன்றுபோய், நோயாளி படுத்திருக்க வைத்தியர் மட்டும் உழைக்கும் முறையாக மரபு சுருங்கியது ஓர் இழப்பே.

நவீன இயன்மருத்துவமும் மசாஜிலிருந்து கிளைத்ததுதான். சுவீடனில் பெர் ஹென்றிக் லிங் 1813இல் ஸ்டொக்ஹோமில் உடற்பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1894இல் இலண்டனில் மசாஜ் விடுதிகளின் பெயர் கெட்டுக் கிடந்தபோது, பயிற்சி பெற்ற தாதியர் நால்வர் தம்மைப் பிரித்துக் காட்டுவதற்காக ஒரு சங்கம் அமைத்தனர். பிரித்தானியாவின் இன்றைய இயன்மருத்துவர் சங்கம் அதன் வழித்தோன்றல்.

உருவினால் வலி ஏன் குறைகிறது?

இடித்துக்கொண்ட முழங்காலை நாம் அறியாமலே தேய்த்து விடுகிறோம். தொடுகையையும் அழுத்தத்தையும் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்படும்போது, மெல்லிய இழைகள் வழியே வரும் வலிச்செய்தி முண்ணாணிலேயே மட்டுப்படுத்தப்படுகிறது. 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பற்றிக் வோலும் முன்வைத்த ‘வாயில்’ கோட்பாடு இது; பிசியோ அறையில் ஒட்டும் சிறு மின்தூண்டல் கருவியும் இதே தத்துவத்தில் உருவானது. ஆக, எண்ணெய்க் கை தரும் நிவாரணம் மனப்பிரமை அன்று. ஆனால் அது நெடுநேரம் நிற்பதில்லை. கிழிந்த தசைநார் அதனால் ஒட்டிவிடாது, மெலிந்த தசையும் வலுக்காது. நாராயண தைலமா, சித்தார்த்த தைலமா என்ற விவாதம் ஊரில் சூடாக நடக்கும். எந்த எண்ணெய் என்பதைவிட எப்போது, எங்கே உருவுவது என்பதே விளைவை அதிகம் மாற்றும்.

முழங்கை: உருவக் கூடாத இடம்

கொய்யா மரத்திலிருந்து கைநீட்டி விழும் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது மிகச் சாதாரணம். வீக்கம் விரைவாக ஏறும். வீட்டில் அதைச் சுளுக்கு என்று எடுத்துக்கொண்டு உருவினால், காயப்பட்ட தசைக்குள்ளேயே எலும்பு படியத் தொடங்கி முழங்கை நிரந்தரமாக மடங்காமல் போகக்கூடும். மூங்கில் சிம்பை இறுக்கிக் கட்டினால் ஆபத்து வேறு வகையில் வரும். வீங்கும் கைக்கு விரிய இடமில்லாமல் உள்ளழுத்தம் ஏறி, இரத்த ஓட்டம் நின்று, முன்கைத் தசைகள் சில மணி நேரத்திலேயே செத்துவிடும். விரல்கள் கொக்கிபோல் வளைந்து நிற்கும் இந்த ஊனத்தை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வொல்க்மன் 1881இல் விரிவாக விவரித்தார். விரல் நுனி வெளுத்துக் குளிர்ந்திருப்பதும், விரலை நிமிர்த்தினால் பிள்ளை அலறுவதும், கட்டிய பிறகு வலி கூடுவதும் கட்டை உடனே அவிழ்க்க வேண்டிய அறிகுறிகள். ‘கட்டினால் வலிக்கத்தான் செய்யும்’ என்று இந்த இடத்தில் யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. கட்டுமுறையையே குறைசொல்ல இது காரணமாகாது. இறுக்கமான மாவுக்கட்டும் இதே சேதத்தைச் செய்யும். தேர்ந்த முறிவு வைத்தியர் பலர் இன்று எக்ஸ்ரே படம் இல்லாமல் எலும்பில் கை வைப்பதில்லை.

கணுக்கால்

கணுக்கால் சுளுக்கு இதற்கு மறுதலை. அங்கே அஞ்சுவதற்குக் குறைவு, செய்வதற்கு அதிகம். கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் வெளியான விதிகள் எக்ஸ்ரே யாருக்குத் தேவை என்பதைக் கையாலேயே தீர்மானிக்க உதவுகின்றன. கணுக்காலின் உள், வெளி முட்டெலும்புகளின் பின்விளிம்பில் கீழ் 6 செ.மீ. பகுதியை அழுத்தினால் வலிக்கிறதா, விழுந்தவுடனும் வைத்தியசாலையிலும் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லையா என்று பார்க்க வேண்டும். ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் படம் எடுக்க வேண்டும். பாதத்தின் நடுப்பகுதி வலிக்குச் சின்னவிரல் பக்கத்து எலும்பின் அடியையும் உட்பக்க வளைவின் எலும்பையும் இதேபோல் அழுத்திப் பார்ப்பார்கள்.

முறிவு இல்லையென்றால் முதல் இரண்டு மூன்று நாட்கள் காலை உயர்த்தி, மென்மையாகச் சுற்றிக் கட்டி, தாங்கும் அளவுக்கு நடக்கலாம். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற சூத்திரத்தை 1978இல் பிரபலமாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். சூடான ஒற்றடமும் வன்மையான உருவுதலும் இந்த முதல் நாட்களில் வேண்டாம். வீக்கம் வடிந்தபின் வேலை தொடங்கும்: கதிரையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குதல், பிறகு பிடியில்லாமல் ஒற்றைக் காலில் நிற்றல், பிறகு கண்ணை மூடி நிற்றல். கால் தடம் புரளும்போது தன்னைத் திருத்திக்கொள்ளும் நரம்புணர்வை மீட்பது இந்த ஒற்றைக்கால் நிலைதான். இதைச் செய்யாமல் வலி போனவுடன் மணலில் இறங்குபவருக்கே அதே கால் மறுபடியும் மறுபடியும் பிசகுகிறது.

இடுப்புவலி

நாட்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டல், பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் பரிந்துரைக்கிறது. மசாஜும் ஏற்கத்தக்க சிகிச்சைகளில் ஒன்றாக அதில் இடம்பெறுகிறது. இடுப்புப் பட்டியும் இழுவைச் சிகிச்சையும் வழமையாக வேண்டாம் என்கிறது. பார்மசியில் பட்டி வாங்கிக் கட்டிக்கொண்டு வலை இழுக்கப் போகிறவர்களுக்கு இது உவப்பான செய்தி அன்று. கால் மரத்துப்போதல், சிறுநீர் அடைபடுதல், காய்ச்சலோடு வலி, இரவில் தூங்கவிடாத வலி இருந்தால் உருவுதலும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சுடுமானால் அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். அதை உருவுவது உயிருக்கே ஆபத்து.

எங்கே, யாரிடம்

இயன்மருத்துவர்கள் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெறுபவர்கள். பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்கள் பட்டப்படிப்பு நடத்துகின்றன. மரபு வைத்தியர்கள் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறுகிறார்கள்; முறிவு நெரிவு அதில் தனித்துறை. மதுரங்குளியில் இருப்பவர்கள் பெரிய சிகிச்சைக்குப் புத்தளத்துக்கோ சிலாபத்துக்கோ போவார்கள். முள்ளந்தண்டுக் காயத்துக்கும் கால் இழந்தவர்களுக்கும் ராகமையிலுள்ள புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். வாரம் ஒருமுறை பஸ் ஏறிப்போய் அரை நாள் உழைப்பை இழப்பதே ஏழைத் தொழிலாளிக்கு உண்மையான கட்டணம். அதனால்தான் நல்ல இயன்மருத்துவர் மூன்று பயிற்சிக்கு மேல் எழுதிக் கொடுப்பதில்லை. அவற்றையும் வாசற்படியிலும் கதிரையிலும் செய்யக்கூடியதாகப் பார்த்துக் கொடுப்பார்.

பாலாவியில் பிரியும் வீதி கற்பிட்டிக்குப் போகிறது. காற்றுப் பருவத்தில் கடலில் பட்டச்சறுக்கு (கைட்சர்ஃபிங்) விளையாட வரும் வெளிநாட்டவருக்காக அங்கே விடுதிகளில் ஆயுர்வேத மசாஜ் நடக்கிறது. களைத்த உடலுக்கு அது இதமானது. தோள் விலகிய விளையாட்டுக்காரருக்கு அது சிகிச்சை ஆகாது. 1894இல் இலண்டன் தாதியர் எதிர்கொண்ட பெயர்க்கேடு இன்று இலங்கையில் ‘ஸ்பா’ என்ற பலகையைச் சுற்றியும் உண்டு. காயத்தோடு போகிறவர் அங்கே முதலில் கேட்க வேண்டியது, கை வைக்கப்போகிறவர் எந்தச் சபையில் பதிவு பெற்றவர் என்பதை.